பேக்கமன் பலகையின் மேல் தாயம் ஆட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், கோடை விடுமுறையை முன்னிட்டு, பிற நாட்டுப் பலகை விளையாட்டுகளை வாரத்திற்கு ஒன்றாகச் சிறுவர்களுக்கு அறிமுகம் செய்து வருகிறீர்கள். இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைக்கிற எந்த முயற்சியும் வரவேற்கத்தக்கது என்பதால், அந்தப் பக்கத்தை முதல் வாரத்திலிருந்தே தவறாமல் வாசித்து, ஏழாம் வகுப்பு முடித்திருக்கும் என் பேத்திக்கும் எடுத்துக் கொடுத்து வருகிறேன். சென்ற வாரம் பேக்கமன் பற்றி அரைப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் விரும்பி ஆடிவரும் ஆட்டம் அது. ஆவலோடு வாசித்து முடித்தபோது, இந்தக் கட்டுரையைப் பார்த்து ஆடத் தொடங்கும் குழந்தை பேக்கமன் ஆடாது, பேக்கமன் பலகையின் மேல் தாயம்தான் ஆடும் என்று தோன்றியது. அந்தக் கவலையால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கட்டுரையில் மூன்று செய்திகள் பிழையானவை. இரண்டு பகடைகளிலும் ஒரே எண் விழுந்தால் மறுபடியும் உருட்டலாம் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. பேக்கமனில் அப்படி ஒரு விதி இல்லை. இரட்டை விழுந்தால் அந்த எண்ணை நான்கு முறை நகர்த்த வேண்டும். இரட்டை மூன்று என்றால் மும்மூன்று அடியாக நான்கு நகர்வுகள், மொத்தம் 12 அடிகள், அத்துடன் முறை எதிராளிக்குப் போய்விடும். வெட்டுப்பட்ட காய் மீண்டும் பலகையில் இறங்க வேண்டுமானால் ஒன்று விழ வேண்டும் என்பது இரண்டாவது பிழை. எதிராளியின் வீடு என்னும் கால் பலகையிலுள்ள ஆறு இடங்களில் அவர் அடைத்து வைக்காத எந்த இடத்தின் எண் விழுந்தாலும் காய் இறங்கலாம். மூன்றாவதாக, இது முழுக்க முழுக்க அதிர்ஷ்டத்தின் ஆட்டம், இதில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை என்று கட்டுரை முடிந்திருந்தது. முதல் இரண்டும் விதியைப் பற்றிய பிழைகள், ஒரு திருத்தக் குறிப்பில் சரியாகிவிடும். மூன்றாவது பிழை ஒரு குழந்தையை இந்த ஆட்டத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடக்கூடியது.

முதல் இரண்டு பிழைகளும் எங்கிருந்து வந்தன என்பது தாயக்கட்டை உருட்டிய எவருக்கும் உடனே விளங்கும். தாயம் விழாமல் காய் இறங்காது என்பதும், தாயமும் ஐந்தும் ஆறும் பன்னிரண்டும் விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பதும், வெட்டினால் ஓர் ஆட்டம் கூடுதல் என்பதும் எங்கள் வீட்டுத் திண்ணையில் நான் கற்றவை. கட்டுரையாளரின் கையும் அந்தப் பழக்கத்தில்தான் எழுதியிருக்க வேண்டும். அதே பழக்கத்தோடுதான் நானும் இந்த ஆட்டத்துக்குள் நுழைந்தேன்.

1998-ஆம் ஆண்டு நான் பொறியாளராகப் பணியாற்றிய சரக்குக் கப்பல், துருக்கியில் இஸ்தான்புல் நகரின் கிழக்கே மர்மராக் கடலோரம் உள்ள துஸ்லாவில் பழுதுபார்ப்புக்காக ஆறு வாரங்கள் நின்றது. மாலையில் வேலை முடிந்ததும் தளத்துக்கு வெளியே இருந்த தேநீர்க் கடைக்குப் போவோம். இடை சிறுத்த சின்னஞ்சிறு கண்ணாடிக் குவளைகளில் பால் கலக்காத தேநீர் வரும். மேசைக்கு மேசை ஒரு தவ்லா பலகை விரிந்திருக்கும். பேக்கமனைத் துருக்கியர் தவ்லா என்றே அழைக்கிறார்கள். வெல்டிங் வேலைகளை மேற்பார்வை செய்துவந்த முதியவர் ஒருவர் என்னை எதிரே உட்காரச் சொன்னார். எல்லோரும் அவரை உஸ்தா என்று அழைத்தார்கள். நம் ஊரில் கைத்தொழில் தெரிந்த பெரியவரை ஆசாரி, மேஸ்திரி என்று மதித்து அழைப்பது போன்ற சொல் அது. முதல் மாலையிலேயே எனக்கு இரட்டை நான்கு விழுந்தது. இரண்டு காய்களை நகர்த்திவிட்டு, சிறுவயதுப் பழக்கத்தில் பகடையை மறுபடி எடுக்கக் கை நீட்டினேன். உஸ்தா தன் உள்ளங்கையைப் பகடைகளின் மேல் மெதுவாக வைத்து மூடினார். மீதமிருந்த இரண்டு நான்குகளை எந்தெந்தக் காய்களுக்குக் கொடுக்கலாம் என்று விரலால் காட்டினார். நான் வைத்து முடித்த பிறகே பகடையைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார்.

எங்கள் இருவருக்கும் பொதுமொழி கிடையாது. ஆனால் அந்தப் பலகையின் மேல் துருக்கியர் எண்களைப் பெரும்பாலும் துருக்கி மொழியில் சொல்வதில்லை, பாரசீகத்தில் சொல்கிறார்கள். யேக், தூ, சே, ஜிஹார், பெஞ்ச், ஷேஷ் என்று அவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்டியபோது, அவற்றை நினைவில் வைப்பது எனக்குக் கடினமாகவே இருக்கவில்லை. துவிதியை, சதுர்த்தி, பஞ்சமி, சஷ்டி என்று திதிகளை நாட்காட்டியில் பார்த்து வளர்ந்தவருக்கு தூவும் ஜிஹாரும் பெஞ்சும் ஷேஷும் தூரத்து உறவினர் போலத்தான் ஒலிக்கும். ஆறும் ஐந்தும் சேர்ந்து விழுந்தால் ஷேஷ் பேஷ், இரட்டை ஆறு தூஷேஷ், இரட்டை ஒன்று ஹெப்யேக். பிற்காலத்தில் அரபு நாட்டுத் துறைமுகங்களிலும் ஷேஷ் பேஷ் என்று யாரோ உரக்கச் சொல்வதைக் கேட்டாலே அங்கே பலகை விரிந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஆட்டத்தைச் சொல்லிக் கொடுப்பதற்குத் தமிழில் நிலைபெற்ற சொற்கள் இல்லை. எனவே தாயத்திலிருந்தும் துருக்கியரிடமிருந்தும் கடன் வாங்கிய சொற்களால்தான் என் பேத்திக்குக் கற்பித்தேன். பலகையில் அம்பு முனை போன்ற நீண்ட முக்கோணங்கள் 24 உள்ளன. அவற்றை முனை என்போம். ஆளுக்கு 15 காய்கள். கடைசி ஆறு முனைகள் என் வீடு, அதற்கு முந்தைய ஆறு என் முற்றம். எதிரே எதிராளியின் முற்றமும் வீடும். நான் 24-இலிருந்து 1-ஐ நோக்கி லாடம் போல வளைந்து வருகிறேன். எதிராளி அதே பாதையில் எனக்கு எதிர்த்திசையில் வருகிறார். ஆகவே என் 24-ஆம் முனை அவருடைய முதல் முனை, என் 5 அவருடைய 20. இருவர் எண்களையும் கூட்டினால் எப்போதும் 25 வரும். தாயத்தில் காய்கள் வெளியே காத்திருக்க, இங்கே ஆட்டம் தொடங்கும்போதே அனைத்தும் பலகையின் மேல் நிற்கின்றன. என் 24-இல் இரண்டு, 13-இல் ஐந்து, 8-இல் மூன்று, 6-இல் ஐந்து. எதிராளிக்கும் அவர் எண்ணிக்கைப்படி அப்படியே. என் காய்கள் அனைத்தையும் வெளியேற்ற எத்தனை அடி நகர வேண்டும் என்று இந்தத் தொடக்க நிலையில் கூட்டினால் 167 வரும். குழந்தைகளை முதல் நாளே இந்தக் கூட்டலைச் செய்யச் சொல்லுங்கள். காய்கள் எங்கெங்கே நிற்க வேண்டும் என்பது அதன்பின் மறக்காது.

ஆளுக்கு ஒரு பகடை உருட்டி, பெரிய எண் விழுந்தவர் அந்த இரண்டு எண்களையும் கொண்டு முதல் ஆட்டத்தை ஆடுகிறார். இரண்டும் சமமாக விழுந்தால் மறுபடி உருட்டுவார்கள் என்பதால் முதல் நகர்வில் இரட்டை வருவதே இல்லை. இங்கே கட்டுரை சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐந்தும் மூன்றும் விழுந்தால் அது எட்டு அன்று. அவை தனித்தனியான இரண்டு நகர்வுகள். இரண்டு காய்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம், ஒரே காய்க்கும் கொடுக்கலாம்; ஒரே காய்க்குக் கொடுத்தால் நடுவே கால் வைக்கும் இடம், ஐந்தாம் அடியோ மூன்றாம் அடியோ, ஏதேனும் ஒன்றாவது திறந்திருக்க வேண்டும். எதிராளியின் காய்கள் இரண்டோ அதற்கு மேலோ நிற்கும் முனையில் நான் கால் வைக்க முடியாது. அப்படி அடைபட்ட முனையைத் துருக்கியர் கதவு என்பார்கள். ஒரே ஒரு காய் நின்றால் அது தனிக்காய். அதன்மேல் வந்து இறங்குபவர் அதை வெட்டலாம். வெட்டுப்பட்டது பலகையின் நடுக்கட்டையில் உட்கார்ந்து, மறுபடி எதிராளியின் வீட்டிலிருந்து நடையைத் தொடங்க வேண்டும். அது இறங்கும்வரை அதற்குரியவர் வேறு எந்தக் காயையும் தொடக் கூடாது.

விதிகள் பெரும்பாலும் இவ்வளவுதான், அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம். ஆட்டத்தின் உண்மையான அரிச்சுவடி அடுத்து வருகிற முப்பத்தாறு என்னும் எண்ணில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டதால்தான் கட்டுரை இதை அதிர்ஷ்ட ஆட்டம் என்ற முடிவுக்கு வந்தது என்று நினைக்கிறேன்.

இரண்டு பகடைகள் விழக்கூடிய விதங்கள் ஆறாறு முப்பத்தாறு. என் தனிக்காய் ஒன்று எதிராளியின் காய்க்கு ஆறு அடி முன்னால் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எத்தனை விதங்களில் அவர் என்னை வெட்டுவார்? ஏதேனும் ஒரு பகடையில் ஆறு விழும் விதங்கள் 11. ஐந்தும் ஒன்றும் 2 விதம், நான்கும் இரண்டும் 2 விதம், இரட்டை மூன்று 1, இரட்டை இரண்டு 1. இடையில் எனது கதவு எதுவும் குறுக்கிடாவிட்டால் மொத்தம் 17. அதே காயை இன்னும் ஓர் அடி தள்ளி ஏழாவது இடத்தில் வைத்திருந்தால்? ஆறும் ஒன்றும், ஐந்தும் இரண்டும், நான்கும் மூன்றும். ஆக 6 விதங்கள்தான். ஒரே ஓர் அடியில் ஆபத்து 17-இலிருந்து 6 ஆகக் குறைகிறது. என் பேத்தி இதைத் தாளில் கட்டம் போட்டுத் தானே எண்ணிப் பார்த்து, சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, ஆறு அடிக்குள் எது நல்ல இடம் என்று கேட்டாள். அதையும் எண்ணினோம். ஓர் அடி தூரத்தில் 11, இரண்டில் 12, மூன்றில் 14, நான்கிலும் ஐந்திலும் 15, ஆறில் 17. வெட்ட வருகிறவருக்கு மிக அருகில் போய் நிற்பதே தூரத்தில் நிற்பதைவிடப் பாதுகாப்பு என்று தெரிந்தபோது அவள் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன். பகடை எப்படி விழும் என்பது நம் கையில் இல்லை. விழுவதற்கு முன் காயை எங்கே நிறுத்தி வைக்கிறோம் என்பது முழுக்க நம் கையில்தான் இருக்கிறது.

இதே எண்ணிக்கையில் இன்னோர் அழகு உண்டு. என் காய் வெட்டுப்பட்டு நடுக்கட்டையில் இருக்கிறது. எதிராளி தன் வீட்டில் சில முனைகளைக் கதவாக்கியிருக்கிறார். நான் இறங்க முடியாமல் போகும் விதங்கள் எத்தனை? இரண்டு பகடைகளுமே மூடிய முனைகளின் எண்ணாக விழுந்தால்தான் நான் தடைபடுவேன். ஒரு கதவு என்றால் 1, இரண்டு என்றால் 4, மூன்று என்றால் 9, நான்கு என்றால் 16, ஐந்து என்றால் 25. வகுப்பில் மனப்பாடம் செய்த வர்க்க எண்கள் அப்படியே வந்து நிற்கின்றன. மூன்று கதவுகள் இருக்கும்போது நால்வரில் ஒருவர்தான் தடைபடுகிறார், ஐந்து கதவுகளுக்கு முன் பத்தில் ஏழு பேர் தடைபடுகிறார்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னால், கதவு கட்டுவது எதற்காக என்று தனியாக விளக்க வேண்டிய தேவையே இராது.

கதவைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனெனில் தாயத்திலிருந்து வருபவர்கள் இதைத்தான் காணத் தவறுகிறார்கள். தாயத்தில் நம் எண்ணமெல்லாம் காயைப் பழமாக்கும் ஓட்டத்தில் இருக்கும். பேக்கமனில் ஓடுவது பாதி, வழியை அடைப்பது பாதி. தொடக்கத்தில் மூன்றும் ஒன்றும் விழுந்தால், எட்டாம் முனையிலிருந்து ஒரு காயை மூன்றடியும் ஆறாம் முனையிலிருந்து ஒரு காயை ஓரடியும் நகர்த்தி, இரண்டையும் ஐந்தாம் முனையில் சேர்த்து நிறுத்துகிறார்கள். மொத்தம் நான்கே அடிகள். ஓட்டக் கணக்கில் மிக மெலிந்த எண். ஆயினும் அனுபவசாலிகள் மிகவும் விரும்பும் தொடக்கங்களில் அது ஒன்று, ஏனெனில் 5, 6, 8 என்று மூன்று கதவுகள் என் வீட்டில் நிற்கும் எதிராளியின் பின்காய்களுக்கு முன்னால் எழுந்துவிடுகின்றன, என் காய்களில் ஒன்றும் தனியாக நிற்கவில்லை. ஆறும் ஒன்றும் விழுந்தால் 13-இலிருந்து ஒன்று, 8-இலிருந்து ஒன்று என ஏழாம் முனையில் சேர்த்து, 6, 7, 8 என்று தொடர்ச்சியான மூன்று கதவுகளைப் பெறலாம். இப்படியே ஆறு கதவுகள் இடைவெளியின்றி அமைந்துவிட்டால் அதன் பின்னால் சிக்கிய காய், அந்தச் சுவர் நிற்கும்வரை, எந்த எண் விழுந்தாலும் தாண்ட முடியாது. பகடையின் மிகப் பெரிய எண்ணே ஆறுதான் அல்லவா?

வெட்டுவதிலும் தாயப் பழக்கம் தடுமாற வைக்கும். தாயத்தில் வெட்டு எப்போதும் இனிப்பு, கூடுதல் ஆட்டமும் கிடைக்கும். இங்கே கூடுதல் ஆட்டம் கிடையாது, வெட்டின் மதிப்பும் இடத்துக்கு இடம் மாறும். எதிராளியின் காய் என்னுடைய மூன்றாம் முனையில் நின்றால், அது நடந்து வந்ததே மூன்றடிதான், ஆகவே வெட்டுப்பட்டால் அவர் இழப்பதும் மூன்றடி. என் இருபதாம் முனையில், அதாவது அவர் வீட்டுக்குள்ளேயே, தனியாக நிற்கும் காய் வெட்டுப்பட்டால் இருபது அடி நடை வீணாகிறது. வெட்டும் இடத்தின் என் பக்கத்து எண்ணே அவருடைய இழப்பு என்ற இந்த எளிய கணக்கைச் சொல்லிக் கொடுத்துவிட்டால், கண்ணில் படும் காயையெல்லாம் வெட்ட ஓடும் அவசரம் குழந்தைகளிடம் அடங்கிவிடுகிறது. அவருடைய ஒரு முறையைக் குலைப்பதற்காகவோ ஒரு முக்கியமான கதவை அவர் பிடித்துவிடாமல் தடுப்பதற்காகவோ என் வீட்டுக்குள்ளும் வெட்ட வேண்டிய நேரங்கள் உண்டு. அவை ஆட ஆடப் புலப்படும்.

கட்டுரையில் இடம்பெறாத இன்னொரு விதி, ஆட முடிகிற எண்ணை ஆடியே தீர வேண்டும் என்பது. இரண்டு எண்களையும் ஆட வழியிருந்தால் இரண்டையும் ஆட வேண்டும். ஏதேனும் ஒன்றைத்தான் ஆட முடியும் என்றால் பெரியதை ஆட வேண்டும். நன்றாக அமைத்த நிலையைத் தன் கையாலேயே கலைக்க வேண்டிய கட்டாயம் இதனால் வரும். இந்தக் கட்டாயத்தின் மிகப் பழைய பதிவு ஒன்று இஸ்தான்புல்லைச் சேர்ந்ததுதான். அந்நகரம் கான்ஸ்டான்டிநோபிள் என்றிருந்த காலத்தில், ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட ரோமப் பேரரசர் ஸீனோ, தபுலா என்னும் இதன் முன்னோடி ஆட்டத்தை ஆடினார். அதிலும் 24 இடங்கள், ஆளுக்கு 15 காய்கள். பகடை மட்டும் மூன்று. அவருக்கு இரண்டும் ஐந்தும் ஆறும் விழுந்தன. அடைபட்ட இடங்களைத் தவிர்த்து ஆடியே ஆக வேண்டியிருந்ததால் தம் அமைப்பைக் குலைத்து எட்டுக் காய்களைத் தனித்தனியாக நிற்க விட்டார். அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த அகாத்தியாஸ் என்ற கவிஞர் அந்தப் பரிதாப நிலையைக் காய் காயாகப் பதிவு செய்திருப்பதால், இன்றும் பலகையில் அதை அடுக்கிப் பார்க்க முடிகிறது. வரலாற்றுச் செய்தி ஒன்றைச் சிறுவர் பக்கத்தில் சேர்க்க விரும்பினால் இதைச் சேர்க்கலாம். ஒரு விதியை இதைவிட நன்றாக விளக்கும் கதை எனக்குத் தெரியாது.

பதினைந்து காய்களும் வீட்டுக்குள் வந்து சேர்ந்த பிறகே பழம் எடுக்கத் தொடங்கலாம். விழுந்த எண்ணின் முனையில் காய் இருந்தால் அதை வெளியே எடுக்கலாம். அங்கே காய் இல்லாமல் அதைவிட உயர்ந்த முனைகளில் இருந்தால் அவற்றை நகர்த்த வேண்டும். உயர்ந்த முனைகளிலும் இல்லையென்றால் இருப்பதில் உயர்ந்த முனையிலிருந்து ஒன்றை எடுக்கலாம். முதலில் 15 காய்களையும் எடுத்தவர் வென்றார். அதற்குள் எதிராளி ஒரு காயைக்கூட எடுத்திருக்காவிட்டால் வெற்றி இரட்டிப்பாகும். துருக்கியர் அதை மார்ஸ் என்பார்கள்.

இனி அதிர்ஷ்டம் பற்றிய மூன்றாவது பிழைக்கு வருகிறேன். பாரசீகத்தில் ஒரு மரபுக் கதை உண்டு. இந்திய அரசர் ஒருவர் பாரசீக மன்னர் குஸ்ரோ அனுஷிர்வானுக்குச் சதுரங்கப் பலகையை அனுப்பி, முடிந்தால் இதன் ஆட்டமுறையைக் கண்டுபிடியுங்கள் என்று சவால் விட்டாராம். அமைச்சர் புசுர்க்மிஹ்ர் அதைக் கண்டுபிடித்ததோடு, பதிலுக்கு பேக்கமனின் பாரசீக வடிவமான நர்த் என்னும் ஆட்டத்தை உருவாக்கி இந்தியாவுக்குக் கொண்டுவந்தார், இங்கிருந்த அறிஞர்களால் அதன் முறையைக் கண்டறிய முடியவில்லை என்று கதை போகிறது. முப்பது காய்கள் மாதத்தின் முப்பது நாட்கள், வெள்ளை பதினைந்தும் பகல், கறுப்பு பதினைந்தும் இரவு, உருளும் பகடை விண்மீன்களின் சுழற்சி என்றெல்லாம் அதற்குப் பொருளும் சொன்னார்கள். இதை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கதையைச் சொன்னவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கிறார்கள். சதுரங்கத்தில் எல்லாம் கண்முன் இருக்கிறது; நர்தில் அடுத்த நொடி என்ன விழும் என்று தெரியாமலேயே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. தெரியாமல் முடிவெடுப்பதற்கும் கணக்கு உண்டு, அதில் தேர்ச்சியும் உண்டு.

1979-ஆம் ஆண்டு மான்டி கார்லோவில், அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பெர்லினர் எழுதிய கணினி நிரல், அப்போதுதான் உலகப் பட்டம் வென்றிருந்த லூயிஜி வில்லாவை ஏழுக்கு ஒன்று என்ற புள்ளிக் கணக்கில் வென்றது. செய்தி பெரிதாகப் பேசப்பட்டது. பெர்லினர் பிறகு ஒவ்வொரு நகர்வாக ஆராய்ந்து, நுட்பத்தில் வில்லாவின் ஆட்டமே மேலானது, பகடை தன் நிரலுக்குச் சாதகமாக விழுந்தது என்று தாமே எழுதினார். வென்றவர் தரப்பிலிருந்து வந்த அந்த நேர்மையான ஒப்புதலை நான் பெரிதும் மதிக்கிறேன். குறுகிய ஒரு போட்டியில் பகடை எவரையும் வெல்ல வைக்கும் என்பது உண்மை, கட்டுரையாளர் கண்டதும் அந்தப் பாதி உண்மைதான். ஆட்டங்கள் நூறு, இருநூறு என்று கூடும்போது இருவருக்கும் விழும் எண்கள் ஏறக்குறையச் சமமாகின்றன, நகர்வுகளின் தரம் மட்டும் மிஞ்சுகிறது. ஆறு வாரங்களில் உஸ்தாவிடம் நான் சில ஆட்டங்களை வென்றேன். ஆனால் கணக்கு வைத்திருந்த எந்த ஒரு வாரத்திலும் நான் அவருக்கு முன்னால் இருந்ததில்லை. அவருக்கு என்னைவிட நல்ல எண்கள் விழவில்லை. எந்த எண் விழுந்தாலும் பயன்படும்படி அவர் காய்கள் நின்றிருந்தன.

1990-களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தின் ஜெரால்டு டெசாரோ உருவாக்கிய நிரல் இதை வேறொரு வழியில் உறுதிசெய்தது. தன்னோடு தானே பல லட்சம் முறை ஆடி, வெற்றி தோல்வியிலிருந்தே கற்றுக்கொண்ட நிரல் அது. இரண்டும் ஒன்றும், நான்கும் ஒன்றும், ஐந்தும் ஒன்றும் முதலில் விழும்போது அந்த ஒன்றைக் கொண்டு ஆறாம் முனையிலிருந்து ஐந்தாம் முனைக்குத் தனிக்காய் வைப்பது அதுவரை வல்லுநர்களின் வழக்கமாக இருந்தது. பின்னால் 24-இல் நிற்கும் இரண்டு காய்களில் ஒன்றை 23-க்கு நகர்த்துவதே மேல் என்று அந்த நிரல் ஆடிக் காட்டியது. வல்லுநர்களும் சோதித்துப் பார்த்து மாறிக்கொண்டார்கள். கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லாத ஆட்டத்தில் இப்படி ஒரு மாற்றம் நிகழ முடியாது.

பெற்றோரின் தயக்கம் ஒன்று இருக்கிறது, அதை நான் அறிவேன். பகடை என்றாலே சூது என்று நம் வீடுகளில் நினைப்பதற்குக் காரணம் உண்டு, அந்த அச்சத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பந்தயத் தொகையை இரட்டிப்பாக்குவதற்கென்றே 2, 4, 8, 16, 32, 64 என்று எண்கள் பொறித்த கட்டை ஒன்று 1920-களில் நியூயார்க் மன்றங்களில் இந்த ஆட்டத்தோடு சேர்ந்தது. கட்டுரையில் அச்சிட்டிருந்த படத்தில் அதுவும் இருந்தது, ஆனால் எதற்கு என்று விளக்கப்படவில்லை. அந்தக் கட்டைக்கும் கூர்மையான கணிதம் உண்டு. எதிராளி இரட்டிப்பாக்கும்போது, நான்கில் ஓர் ஆட்டத்தையாவது வெல்ல முடியும் என்றால் ஏற்கலாம். மறுப்பவர் அந்த ஆட்டத்தை ஒரு புள்ளிக்கு இழப்பார் என்பதால், மறுத்தால் நான்கு ஆட்டங்களில் நான்கு புள்ளி போகும். ஏற்றால் மூன்று தோல்விக்கு ஆறு போய், ஒரு வெற்றிக்கு இரண்டு வர, அதே நான்குதான் போகும். இருந்தாலும் தொடக்கத்தில் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள் என்பதே என் அழுத்தமான கருத்து. துஸ்லாவின் தேநீர்க் கடையில் அப்படி ஒரு கட்டையை நான் கண்டதே இல்லை. ஐந்து புள்ளி எடுப்பவர் வென்றவர், மார்ஸுக்கு இரண்டு புள்ளி, தோற்றவர் தேநீருக்குக் காசு கொடுப்பார். எங்கள் வீட்டில் தேநீருக்குப் பதிலாக, தோற்றவர் காய்களை அடுக்கி வைக்க வேண்டும்.

எனவே தங்களிடம் என் வேண்டுகோள்கள் சில. வரும் ஞாயிறன்று இரட்டை பற்றிய விதியையும் காய் இறங்கும் விதியையும் அதே பக்கத்தில் திருத்தி வெளியிட வேண்டும். சென்ற வாரக் கட்டுரையை வைத்து ஏற்கெனவே ஆடத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் தவறான பழக்கத்தில் ஊறிவிடக் கூடாது. முப்பத்தாறு கட்டங்கள் கொண்ட பகடை அட்டவணை ஒன்றை வெறுமையாக அச்சிட்டு, ஆறு அடி தூரத்தில் வெட்டும் விதங்களை நிழலிட்டு எண்ணும்படி பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். விடையை அடுத்த வாரம் தரலாம். பலகையின் படத்தில் இருவர் பக்கத்து எண்களும் இருக்க வேண்டும். சென்ற வாரப் படத்தில் ஒரு பக்கத்து எண்கள் மட்டுமே இருந்தன, எதிரே உட்கார்ந்த குழந்தை எங்கிருந்து எண்ணுவது என்று திகைத்திருக்கும்.

பலகையை விலை கொடுத்து வாங்க வேண்டும் என்ற எண்ணத்தைக் கட்டுரை ஏற்படுத்தியிருந்தது. அது தேவையில்லை. பழைய தினசரி நாட்காட்டியின் அட்டையைத் திருப்பி, அளவுகோலால் பக்கத்துக்குப் பன்னிரண்டாக 24 முக்கோணங்கள் வரைந்து, நடுவில் ஒரு கோடு கிழித்தால் பலகை ஆயிற்று. பதினைந்து சோழியும் பதினைந்து புளியங்கொட்டையும் காய்களுக்குப் போதும். தாயக்கட்டை ஒன்றின் முகங்களில் ஐந்தும் ஆறும் இல்லாததால் பகடை மட்டும் கடையில் வாங்க வேண்டும், பரமபதப் பெட்டியில் இருந்தால் அதுவும் வேண்டியதில்லை. என் பேத்தி இவ்வாறு வரைந்த பலகையின் நகலை இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன், தாங்கள் விரும்பினால் பயன்படுத்திக்கொள்ளலாம். இரு பக்கத்து எண்களையும் இரண்டு நிறங்களில் எழுதியிருக்கிறாள். ஐந்தாம் முனையைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் இருக்கும். அச்சிடும்போது அந்த வட்டத்தை எடுத்துவிட வேண்டாம் என்று தங்களிடம் சொல்லச் சொன்னாள்.

தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்,
தூத்துக்குடி